பிரியன்ஸ் ஏரிக்கரையில் நான்கு நாள்: முழங்கால் வலியுள்ள அம்மாவோடும் ஆறு வயதுப் பையனோடும் எதைப் பார்க்கலாம்?

கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் கேட்டிருக்கிறார்: ஜூன் இரண்டாம் வாரம் சுவிட்சர்லாந்தில் பிரியன்ஸ் ஏரிக்கரையில் நான்கு இரவு தங்குகிறோம். முழங்கால் வலியுள்ள 68 வயது அம்மா, ஆறு வயதுப் பையன், நாங்கள் இருவர். யுங்ஃப்ராவ்யோக் என்ற உயரமான பனிமலை ரயில் நிலையத்துக்குப் போகாமல் ஏரியைச் சுற்றியுள்ள இடங்களை மட்டும் பார்த்தால் பயணம் வீணா? டிக்கெட்டை எல்லாம் இப்போதே எடுத்துவிடலாமா? மலை சரிந்து பிரியன்ஸைக் காலி செய்ததாகச் செய்தியில் பார்த்தோமே, பாதுகாப்புதானா? லூசெர்னிலிருந்து எப்படி வருவது? கேள்வி நான்கு என்றாலும் மனதில் இருப்பது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். இவ்வளவு செலவு செய்து போகிறோம், அம்மாவை வருத்தாமல், பார்க்க வேண்டியதை விட்டுவிடாமல் எப்படித் திரும்புவது என்பதுதான் அது.

குடும்பங்களைச் சென்னையிலிருந்து ஐரோப்பாவுக்கு அழைத்துப்போகும் வேலையில் பல வருடங்களாக இருக்கிறேன். அதில் இந்த ஏரிப் பக்கம் எனக்கு நன்றாகப் பழகிய இடம். நான் மருத்துவன் இல்லை, வானிலை நிபுணனும் இல்லை. அந்த இரண்டும் வரும் இடங்களில் என் பேச்சை ஒரு வழிகாட்டியின் அனுபவமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்தச் செய்தி. 2023 மே மாதம் காலி செய்யப்பட்ட ஊர் நீங்கள் தங்கப்போகும் பிரியன்ஸ் இல்லை. அதே பெயருள்ள இன்னொரு கிராமம், பிரின்சவுல்ஸ் என்றும் சொல்வார்கள், நாட்டின் கிழக்கே கிராபூண்டன் மாநிலத்தில் இருக்கிறது. அங்கே 2023 ஜூன் நடுவில் ஓர் இரவு பெரும் பாறைச் சரிவு இறங்கி, ஊருக்கு மிக அருகில் வந்து நின்றது. பெயர்க் குழப்பத்தில் ஏரிக்கரைப் பிரியன்ஸுக்கு எடுத்த அறையை ரத்து செய்தவர்கள் உண்டு. அதற்காக உங்கள் பிரியன்ஸில் ஒன்றுமே நடக்காது என்றும் சொல்ல மாட்டேன். ஊருக்குப் பின்னால் மலை செங்குத்தாக எழுகிறது, அதிலிருந்து ஓடைகள் ஊர் நடுவே இறங்குகின்றன. 2005 ஆகஸ்டில் கிளிசிபாக் ஓடையில் வந்த சேறும் கல்லும் இரண்டு பேர் உயிரைக் குடித்தன. 2024 ஆகஸ்ட் 12 அன்று மிலிபாக் ஓடை பெருகி வீடுகள், ரயில் பாதை எல்லாம் சேதமாயின. உயிர்ச்சேதம் இல்லை. இரண்டுமே கனமழையில் நடந்தவை. எனவே, இந்த ஊரில் தங்கலாம், தாராளமாகத் தங்கலாம். பலத்த மழையோ இடியோ வரும்போது மட்டும் ஓடைப் பக்கம் போகாதீர்கள், பையனைத் தண்ணீரில் கல் எறிய விடாதீர்கள். சுவிஸ் வானிலைத் துறையின் ஆப்பை போனில் போட்டுக்கொண்டால் எச்சரிக்கை தானாக வந்துவிடும்.

அடுத்து டிக்கெட். அங்கே எந்த நாளில் எதைப் பார்ப்பது என்பதை நாம் முடிவு செய்வதில்லை, மேகம் முடிவு செய்கிறது. நம் ஊர் டூர் அட்டவணைகளில் "இரண்டாம் நாள் சிகரம், மூன்றாம் நாள் அருவி" என்று அச்சடித்துவிடுவார்கள். இரண்டாம் நாள் மேகம் மூடினால், ஆளுக்கு 200 பிராங்குக்கு மேல் கொடுத்து வெள்ளைச் சுவரைப் பார்த்துவிட்டு இறங்க வேண்டியதுதான். நான்கு இரவு ஒரே ஊரில் தங்குகிற உங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. உயரமான இடங்களுக்குத் தேதி போட்ட டிக்கெட்டை இங்கிருந்தே எடுக்காதீர்கள். சிகரங்கள் எல்லாவற்றிலும் நேரலை கேமரா இருக்கிறது. முதல் நாள் இரவு ஒருமுறை, காலையில் எழுந்ததும் ஒருமுறை பாருங்கள். மேலே தெளிவாக இருந்தால் மலை, மேகம் இருந்தால் தண்ணீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜூனில் பெரும்பாலும் காலை தெளிவாக இருக்கும், மதியத்துக்குமேல் மேகம் திரளும், சில நாள் மாலையில் இடி இடிக்கும். அதனால் மலைக்கு முதல் வண்டி. ஓட்டலில் நிதானமாகச் சாப்பிட்டுப் பதினோரு மணிக்குக் கிளம்புவது மலைக்கு ஆகாது.

இப்போது அந்த மலை எது என்பது. இங்கேதான் என் கருத்து டூர் கம்பெனிகளின் கருத்தோடு கொஞ்சம் இடிக்கும். யுங்ஃப்ராவ்யோக் ரயில் நிலையம் 3,454 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 1912-இல் திறந்தது. மலையைக் குடைந்து ஏழு கிலோமீட்டருக்கு மேல் சுரங்கம் போட்டிருக்கிறார்கள், வேலையாகப் பார்த்தால் அதிசயம்தான். மேலே போனால் ஆல்ப்ஸிலேயே நீளமான அலெட்ச் பனியாற்றைப் பார்க்கலாம், கோடையிலும் பனியில் கால் வைக்கலாம். ஆனால் அது மோன்ச், யுங்ஃப்ராவ் என்ற இரண்டு சிகரங்களுக்கு நடுவில் உள்ள கணவாய். படங்களில் பார்த்து நாம் ஆசைப்படும் ஐகர், மோன்ச், யுங்ஃப்ராவ் மூன்றும் வரிசையாக நிற்கும் காட்சி அங்கிருந்து தெரியாது. அதைப் பார்க்க எதிர்மலையில் நிற்க வேண்டும். அந்த எதிர்மலை உங்கள் அறைக்கு மேலேயே இருக்கிறது, பிரியன்ஸர் ரோட்ஹார்ன்.

ரோட்ஹார்ன் ரயிலைப் பற்றி ஒரு கோயம்புத்தூர்க்காரரிடம் சொல்வதில் எனக்குத் தனி சந்தோஷம். 1892-இல் ஓடத் தொடங்கிய நீராவி ரயில். ஏரிக்கரையில் பிரியன்ஸ் ரயில் நிலையத்துக்கு எதிரிலேயே கிளம்பி, 7.6 கிலோமீட்டரில் 1,678 மீட்டர் ஏறி, 2,244 மீட்டர் உயரத்தில் போய் நிற்கிறது. ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும் நம் மலை ரயிலில் தண்டவாளத்துக்கு நடுவே பல் வைத்த இரும்புப் பட்டை இரண்டு ஓடுகிறதே, அதே ஆப்ட் முறைதான் இங்கேயும். அது மட்டுமில்லை, நீலகிரிக்கு வந்த பழைய எக்ஸ் வகை என்ஜின்களைச் செய்து கொடுத்ததும், ரோட்ஹார்னின் என்ஜின்களைச் செய்ததும் விண்டர்தூர் நகரில் இருந்த ஒரே தொழிற்சாலை. ஆனால் ஏற்றத்தில் பெரிய வித்தியாசம். நம் ரயில் ஏறக்குறைய 12 அடி போனால் ஓர் அடி ஏறும், இது செங்குத்தான இடங்களில் நாலு அடிக்கு ஓர் அடி ஏறுகிறது. அதனால்தான் என்ஜினைச் சமதரையில் பார்த்தால் மூக்கு தரையில் குத்துவதுபோல் பாய்லர் முன்பக்கம் சாய்ந்திருக்கும். ஏற்றத்தில் போகும்போது பாய்லர் நேராகிவிடும், உள்ளே தண்ணீர் மட்டமாக நிற்கும். பையனிடம் இதை முன்னாலேயே சொல்லி வையுங்கள், கிளம்புமுன் அவனே எட்டிப் பார்ப்பான். டீசல் வண்டிகளும் ஓடுகின்றன. நீராவிதான் வேண்டும் என்றால் கவுண்டரில் கேட்டு வாங்குங்கள்.

மேலே இறங்கியதும் எதிரே பெர்ன் மாநிலத்தின் பனிமலை வரிசை முழுவதும் நிற்கும், காலடியில் ஆயிரத்து அறுநூறு மீட்டருக்கும் கீழே ஏரி. நிலையத்திலிருந்து 2,350 மீட்டர் உச்சிக்குக் கால் மணி நேரம், இருபது நிமிட ஏற்றம் இருக்கிறது. அம்மா அதற்கு வர வேண்டாம், நிலையத்துப் பக்கத்து உணவகத்து வாசலிலேயே காட்சி கிடைத்துவிடுகிறது. ஒரு எச்சரிக்கை. இந்த ரயில் கோடையில் மட்டும் ஓடுவது, ஜூன் தொடக்கத்தில் உச்சிப் பகுதியில் பனி அள்ளி முடியாமல் நடுவழி பிளானால்ப் வரை மட்டும் விடும் வருடங்கள் உண்டு. நீங்கள் போகும் இரண்டாம் வாரம் விளிம்பில் இருக்கிறது. போவதற்கு இரண்டு நாள் முன் ரயில்காரர்களின் இணையதளத்தைப் பார்த்துவிடுங்கள். உச்சி வரை இல்லையென்றால் பக்கத்து ஊரான இன்டர்லாக்கனிலிருந்து ஹார்டர் கூல்ம் ஏறுங்கள். 1908-இல் வந்த விஞ்ச் ரயில், பத்து நிமிடத்தில் 1,300 மீட்டர் உயரத்தில் விட்டுவிடும், ஒரு பக்கம் தூன் ஏரி, மறுபக்கம் பிரியன்ஸ் ஏரி, எதிரே அதே மூன்று சிகரங்கள். கூட்டம் அதிகம், காலையிலேயே போய்விடுங்கள்.

அப்படியானால் யுங்ஃப்ராவ்யோக் வேண்டாமா? பையன் பனியில் விளையாட வேண்டும், அல்லது உங்களுக்குப் பனியாற்றைப் பார்த்தே ஆகவேண்டும் என்றால் போங்கள், நான்கு நாளில் மிகத் தெளிவான நாளை அதற்குக் கொடுங்கள். 2020 டிசம்பரில் கிரிண்டல்வால்டிலிருந்து ஐகர் எக்ஸ்பிரஸ் கேபிள் கார் வந்த பிறகு பயண நேரம் குறைந்துவிட்டது. ஆனால் அதுவே அம்மாவுக்கு ஒரு சிக்கல். ஏரி 564 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, சுமார் இரண்டு மணி நேரத்தில் கிட்டத்தட்ட மூவாயிரம் மீட்டர் ஏறிவிடுகிறோம், உடம்புக்குப் பழக நேரமே இல்லை. மேலே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். என் குழுக்களில் பெரும்பாலானவர்களுக்கு லேசான தலைபாரத்தோடு போய்விடும், சிலர் தலைசுற்றி உட்கார்ந்துவிடுவார்கள், கீழே இறங்கினதும் சரியாகிவிடும். இதய நோயோ கட்டுப்படாத ரத்த அழுத்தமோ இருந்தால் கிளம்புமுன் அவருடைய மருத்துவரிடம் கேட்டே ஆகவேண்டும், இதில் என் அனுபவம் செல்லாது. ரோட்ஹார்னும் ஹார்டர் கூல்மும் இந்தக் கவலையை அவ்வளவாகத் தருவதில்லை. நீங்களும் பையனும் யுங்ஃப்ராவ்யோக் போக, மனைவியும் அம்மாவும் படகில் போவது என்று பிரிந்துகொள்வதும் நல்ல ஏற்பாடுதான், ஒரு நாள் பிரிந்திருந்தால் குடும்பம் ஒன்றும் ஆகிவிடாது.

மேகமூட்டமான நாளில்தான் இந்த ஊர் மற்ற ஊர்களை ஜெயிக்கிறது. பனியாறுகள் பாறையை அரைத்து மாவாக்கி ஆறுகளில் அனுப்புகின்றன. அந்த மாவு தண்ணீரில் மிதந்து வெளிச்சத்தைச் சிதறடிப்பதால்தான் ஏரிக்கு அந்தப் பால் கலந்த பச்சை நீலம். மழை பெய்து ஓய்ந்த மறுநாள் அருவிகள் இன்னும் பெரிதாக இருக்கும், மேகம் இருந்தாலும் அவற்றுக்கு ஒரு குறையும் இல்லை.

முதலில் கீஸ்பாக். பிரியன்ஸிலிருந்து படகில் எதிர்க்கரைக்குப் போனால், படகுத்துறையிலிருந்தே 1879-இல் போட்ட விஞ்ச் மேலே ஏற்றிவிடும். ஒற்றைத் தண்டவாளம், நடுவில் மட்டும் இரண்டாகப் பிரிந்து ஏறும் பெட்டியும் இறங்கும் பெட்டியும் தொட்டுக்கொள்ளாமல் விலகும். இன்று உலகமெங்கும் இருக்கும் அந்த ஏற்பாட்டை முதலில் இங்கேதான் செய்தார்கள். மேலே பழைய மாளிகை ஓட்டல், அதன் முன்னால் உட்கார்ந்தாலே பதினான்கு அடுக்காக விழும் அருவி தெரிகிறது. அம்மா ஒரு காபியோடு அங்கே இருக்கட்டும். நீங்கள் பையனை அழைத்துக்கொண்டு அருவிக்குப் பின்னால் போகும் பாதையில் நடந்து வாருங்கள், ஈரமாக இருக்கும், செருப்பு உதவாது, ஷூ போடுங்கள். அந்த ஓட்டலை இடித்துவிட்டு வேறு கட்டடம் கட்ட இருந்தார்கள். ஃபிரான்ஸ் வெபர் என்ற சுற்றுச்சூழல்வாதி 1980-களில் மக்களிடம் பணம் திரட்டி வாங்கிக் காப்பாற்றினார். முழங்கால் நன்றாக இருப்பவர்கள் கீஸ்பாக்கிலிருந்து இசெல்ட்வால்ட் வரை கரையோரமாகவே நடக்கலாம், ஒன்றரை மணி நேரம், இந்த ஏரியில் எனக்குப் பிடித்த நடை இதுதான். மற்றவர்கள் படகில் வந்து அங்கே சேர்ந்துகொள்ளட்டும். இசெல்ட்வால்டில் ஒரு மரப் படகுத்துறை கொரியத் தொடர் ஒன்றில் வந்து பிரபலமாகி, கூட்டம் தாங்காமல் ஊர்க்காரர்கள் ஐந்து பிராங்கு நுழைவுக் கட்டணம் வைத்துவிட்டார்கள். அந்தத் தொடரைப் பார்க்காதவருக்கு அது வெறும் துறை. பக்கத்துக் கரையில் நின்று அதே ஏரியைக் காசில்லாமல் பார்க்கலாம்.

இன்னொரு மேக நாளுக்கு மைரிங்கன். பிரியன்ஸிலிருந்து ரயிலில் கால் மணி நேரம்கூட ஆகாது. ஊருக்கு வெளியே ஆரே ஆறு சுண்ணாம்புப் பாறை மேட்டை அறுத்து 1.4 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு பிளவு செய்திருக்கிறது. சில இடங்களில் பாறை இருநூறு மீட்டர் வரை உயர்ந்து நிற்க, கீழே இடைவெளி கை நீட்டினால் எட்டும் அளவுக்கு ஒடுங்குகிறது. 1888-இல் பாறையில் அடித்த நடைபாதை. முழங்கால் வலிக்காரர்களுக்கு இந்த வட்டாரத்தில் நான் முதலில் சொல்லும் இடம் இது, மேற்கு வாசலில் நுழைந்து அம்மாவால் முடிந்த தூரம் போய் வந்தவழியே திரும்பினால் ஏற்றமே பெரிதாக இல்லை. கிழக்கு வாசல் பக்கம் படிகள் வரும். உள்ளே குளிரும், ஸ்வெட்டர் வேண்டும்.

அதே ஊரில் ரைக்கன்பாக் அருவி. ஷெர்லாக் ஹோம்ஸ் மோரியார்ட்டியோடு கட்டிப்புரண்டு விழுந்ததாக கானன் டாயில் 1893-இல் எழுதினாரே, அந்த அருவி. விஞ்சில் ஏறிப் பார்க்கலாம், விழுந்த இடம் என்று எதிர்ப்பாறையில் நட்சத்திரக் குறிகூட வைத்திருக்கிறார்கள். கதை பிடிக்கும் என்றால் போங்கள். அருவியாக மட்டும் பார்த்தால், மேலே மின் உற்பத்திக்குத் தண்ணீரைத் திருப்புவதால் சில நாள் ஏமாற்றும். மெரிங் என்ற முட்டை வெள்ளை இனிப்பு பிறந்ததே மைரிங்கனில்தான் என்று கடைக்குக் கடை சொல்வார்கள். பெயர் பொருந்துவதைத் தவிர அதற்கு உறுதியான ஆதாரம் கிடையாது. சாப்பிட நன்றாக இருக்கிறது, சைவம் மட்டும் சாப்பிடுவோர் முட்டை என்பதை நினைவில் வையுங்கள். மைரிங்கன் பக்கத்தில் விமானப்படைத் தளம் ஒன்றும் இருக்கிறது, திடீரென்று போர் விமானம் காதைக் கிழித்துக்கொண்டு கிளம்பினால் பயப்படாதீர்கள், பயிற்சிதான்.

அரைகுறை வானிலை நாளுக்கு பாலன்பெர்க். நாட்டின் பல பகுதிகளிலிருந்து பழைய மர வீடுகளையும் பண்ணைகளையும் கழற்றி எடுத்து வந்து மறுபடி நிறுத்திய திறந்தவெளி அருங்காட்சியகம், 1978-இல் திறந்தது. நூறுக்கும் மேற்பட்ட கட்டடங்கள், 66 ஹெக்டேர். பிரியன்ஸ் நிலையத்திலிருந்து பஸ் போகிறது. ஆடு, மாடு, கோழி எல்லாம் இருப்பதால் ஆறு வயதுப் பிள்ளைக்கு எந்தச் சிகரத்தையும்விட இது பிடிக்கலாம். முழுவதையும் பார்க்க நினைக்காதீர்கள், அம்மாவுக்குத் தாங்காது. ஒரு வாசலில் நுழைந்து அந்தப் பக்கத்து வீடுகளை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புங்கள். லவுட்டர்புருன்னனில் மலைக்குள்ளேயே விழும் ட்ரும்மல்பாக் அருவிகளை எல்லாரும் பரிந்துரைப்பார்கள். ஐகர், மோன்ச், யுங்ஃப்ராவ் மூன்றின் பனியாற்று நீரும் பாறைக்குள் இரைந்துகொண்டு இறங்குவது பெரிய காட்சிதான், ஆனால் லிஃப்டுக்கு அப்புறம் வழுக்கும் படிகள் நிறைய. உங்கள் அம்மாவுக்கு நான் சொல்ல மாட்டேன்.

முழங்கால் பற்றி ஒன்று. ஏறுவதைவிட இறங்குவதுதான் வலிக்கும். "மேலே வண்டியில் போய்விட்டு மெதுவாக நடந்து இறங்கலாம்" என்று நம்மவர்கள் போடும் கணக்கு அடுத்த இரண்டு நாளைக் கெடுத்துவிடும். இறங்குவதற்கும் டிக்கெட் எடுங்கள்.

ஏரியில் இறங்குவது பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் பையன் கேட்பான். ஜூனில் தண்ணீர் நடுக்கும் குளிர். கரையிலிருந்து சில அடியிலேயே ஆழம் சரிகிற இடங்கள் உண்டு, நடுவில் ஆழம் 260 மீட்டர். கட்டப்பட்ட குளியல் இடங்களில் மட்டும் காலை நனைக்கட்டும். மிதிபடகு எடுத்தால் அவனுக்கு லைஃப் ஜாக்கெட் கேட்டு வாங்குங்கள். கரையில் ஆரஞ்சு விளக்கு விட்டுவிட்டு எரிந்தால் காற்று வரலாம் என்று அர்த்தம், வேகமாக அடித்துக்கொண்டால் புயல்காற்று நெருங்கிவிட்டது, உடனே கரைக்கு வந்துவிட வேண்டும்.

செலவில் சுவிஸ் டிராவல் பாஸ் உங்களுக்கு லாபமா என்பது இந்த நான்கு நாளை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது, மொத்தப் பயணத்தையும் பார்க்க வேண்டும். ஏரிப் படகுகளும் ரயிலும் பஸ்ஸும் அதில் அடங்கும், உயரமான மலை ரயில்கள் பலவற்றுக்குத் தள்ளுபடி மட்டும்தான். பாஸ் எடுத்தால் குடும்ப அட்டையைக் கேளுங்கள், இலவசமாகவே தருவார்கள், அதில் பெற்றோரோடு வரும் பையனுக்கு டிக்கெட் தேவையில்லை. சாப்பாட்டுக்கு அடுக்களை உள்ள அறையாக இருந்தால் அரிசியும் தயிரும் சூப்பர்மார்க்கெட்டிலேயே கிடைக்கும், பருப்புப் பொடியும் ஊறுகாயும் கொண்டுபோங்கள். குழாய்த் தண்ணீரும் தெருவோரத் தொட்டிகளின் தண்ணீரும் குடிக்கலாம், "கைன் டிரிங்க்வாசர்" என்று பலகை இருந்தால் மட்டும் குடிக்கக் கூடாது.

கடைசியாக, லூசெர்னிலிருந்து வருவது. நேரடி ரயில் இருக்கிறது, புரூனிக் கணவாய் வழியாக ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். வழியில் சார்னன், லுங்கெர்ன் என்று இன்னும் இரண்டு ஏரிகள் வரும். மைரிங்கனில் ரயில் நின்று எதிர்த்திசையில் கிளம்பும், தவறான வண்டியில் ஏறிவிட்டோமோ என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிடாதீர்கள். திசை மாறிய பிறகு ரயில் போகும் பக்கம் பார்த்து இடது கை ஜன்னலில்தான் பிரியன்ஸ் ஏரி வரும், எனவே அம்மாவையும் பையனையும் அங்கே மாற்றி உட்கார வையுங்கள்.